மீன்மேல் சீஸ் போடாத மனிதர்

சனிக்கிழமை மதியம். வானகரத்தில் புறவழிச் சாலையை ஒட்டி இருக்கும் ஃபுட் கோர்ட்டில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் காரை நிறுத்த இடம் தேடிப் போனவர் இன்னும் வரவில்லை.

வரிசையாக ஏழெட்டுக் கடைகள். கடைசிக் கடையில் பெரிய எழுத்தில் இறால் பாஸ்தா என்று மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கறுப்புத் தொப்பி போட்ட கனத்த மனிதர் ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதை அமுக்கி அமுக்கி, இறால்மேல் மஞ்சளாகச் சீஸைப் பிழிந்தார். சூடான இறாலில் அது பட்டதும், பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் வருமே ஒரு வாடை, அது வந்தது.

அந்த முதுகு எனக்குத் தெரியும். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். இல்லை, அவராக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த மனிதர் இறால்மேல் சீஸ் பிழிகிறாரே, அவர் எப்படி இவராக முடியும்?

திரும்பினார். அந்தோணி அண்ணன்தான்.

"இன்னா தங்கச்சி, எப்டி கீற?" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"நல்லா இருக்கேன் அண்ணே," என்றேன். 

இந்தத் தொடரில் இதுவரை என்னைக் கொஞ்சம் நல்லவளாகவே காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த வாரம் அது முடியாது. அந்தோணி அண்ணனின் கடையைப் பற்றி நான் ஒருமுறை எழுதினேன். அதில் இரண்டு வரி பொய். அந்த இரண்டு வரிதான் அவர் கடையை மூட வைத்தது. நாலு வருஷமாக இதை அவரிடம் சொல்லவேண்டும் என்று நினைப்பதும், சொல்லாமல் தப்பிப்பதுமாகவே இருந்தேன். டோக்கனோடு நின்ற அந்த மதியம் தப்பிக்க வழியில்லாமல் போனது.

எங்கே சாப்பிடலாம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு என்று அப்போது ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. இலவசம். ஞாயிறு காலையில் கேட்டுக்கு மேலாக வீசிவிட்டுப் போவார்கள். பாதிப்பேர் அதைப் பிரிக்காமலே அலமாரித் தட்டில் விரிப்பார்கள். கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்ககத்திலும் அதுதான் நடந்தது.

அதில் அரைப்பக்கம் எனக்கு. எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்று எழுதவேண்டும். நாமக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். மெட்ராஸ் சாப்பாட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. எனக்குப் பசிக்கும், வாய் நீளம், இரண்டும் போதும் என்று ஆசிரியர் சொன்னார்.

அந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். இத்தாலியன் எங்கே கிடைக்கும்? சீ ஃபுட் எங்கே நன்றாக இருக்கும்? கேட்டவர்கள் எல்லாம் எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்து மாதத் தவணையில் ஃப்ளாட் வாங்கியவர்கள். நல்ல சாப்பாடு என்றால் கடற்கரைப் பக்கம்தான் போகவேண்டும் என்று முடிவுகட்டி வைத்திருப்பார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். திரும்பி வருவதற்குள் சாப்பிட்டது செரித்து மறுபடி பசிக்கும்.

இத்தாலியன் என்றால் அப்போது எங்களுக்குத் தெரிந்தது பிறந்தநாள் விழாக்களில் தெர்மோகோல் கிண்ணத்தில் வரும் வெள்ளைப் பாஸ்தாதான். ஆறிப்போய், கரண்டியைத் தூக்கினால் கிண்ணமும் சேர்ந்து வரும். முதல்முறை சாப்பிட்டபோது, மைதா மாவு காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டிய ஞாபகம்தான் எனக்கு வந்தது. இதை ஒரு நாடே சாப்பிடுகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர். இத்தாலியில் வேறு மாதிரி செய்வார்களாக இருக்கும் என்றார்.

வேறு மாதிரிதான் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தது பூந்தமல்லியில்.

கோட்டைப் பக்கத்துக் கடை

பூந்தமல்லி என்றால் பலருக்குப் பேருந்து நிலையமும் மெட்ரோத் தூண்களும் தூசியும்தான். ஒரு காலத்தில் அங்கே கோட்டை இருந்தது. நோய்ப்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தேற்றி அனுப்ப ஆஸ்பத்திரி இருந்தது. பழைய தெருக்களில் நடந்தால், கைப்பேசிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் திடீரென்று இரண்டடி அகலச் சுவர் ஒன்று நிற்கும். மேலே கேபிள் வயர் தொங்கும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அப்படி ஒரு தெருவில், ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில், ஆறே மேசை போட்டு அந்தோணி அண்ணன் கடை வைத்திருந்தார். ராயபுரத்தில் பிறந்தவர். பதினாறு வருஷம் கப்பலில் சமையல்கட்டு வேலை. அங்கே தலைமைச் சமையற்காரர் ஓர் இத்தாலிக்காரர். அவரிடம் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டதாகச் சொல்வார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா பூந்தமல்லிக்காரர். கப்பல் வேலை முடிந்ததும் மனைவி ஊரோடு வந்துவிட்டார்.

விடியும்போதே ஐஸ் பெட்டியோடு காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்பார். வண்டியின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, நகரம் முழுக்கக் குறுக்கே கடந்து, எட்டு மணிக்குள் கடைக்கு வந்துவிடுவார். பலகையில் அன்றைக்கு என்ன கிடைத்ததோ அது மட்டும் எழுதியிருக்கும். சில நாள் இரண்டே அயிட்டம்.

மட்டி என்கிற சிப்பி போட்ட ஸ்பகெட்டிதான் முதலில் சாப்பிட்டேன். பழவேற்காட்டு மட்டி, ஓட்டோடு. பூண்டு, காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய், மட்டி விட்ட தண்ணீர். அவ்வளவுதான். கடலில் குளித்துவிட்டு உதட்டை நக்கினால் ஒரு ருசி இருக்குமே, அது நூல் நூலாக வாய்க்குள் போனது. கடம்பா என்கிற கணவாய் மீனின் மையைப் பிழிந்து ஒரு கறுப்புப் பாஸ்தாவும் செய்வார். தீய்ந்துபோனது என்று பலர் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சாப்பிட்டவர்கள் கறுத்த பல்லோடு சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தூள் தூவுவார். பக்கத்துப் பேக்கரியில் மிஞ்சிய பன்னைக் காயவைத்து, பொடித்து, பூண்டு எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த தூள். இத்தாலியில் தெற்குப் பக்கம் சீஸுக்குப் பதிலாக இதைத்தான் போடுவார்களாம். அந்தத் தூளை வெறும் வாயிலேயே நான் ஒரு கிண்ணம் தின்பேன்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கடை நிரம்பி வழியும். அந்த நாட்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கறி சாப்பிடமாட்டார்கள், மீன் சாப்பிடுவார்கள். பூசை முடிந்து குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள். அந்த ஏழு வாரம்தான் அந்தக் கடையை வருஷம் முழுக்கத் தாங்கியது.

மீனும் பாலும்

மீன்மேல் சீஸ் போடமாட்டார். இத்தாலிக்காரர் சொன்னதாம். ஆனால் அதற்கு இத்தாலி வரைக்கும் போகத் தேவையே இல்லை. மீன் குழம்பு வைத்த அன்று மோர் கேட்டால் எங்கள் அம்மாவே கரண்டியைத் தூக்குவாள். மீனோடு பால், தயிர் ஆகாது என்று கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை உண்டா? அதே பிள்ளைகள்தான் பெரியவர்களாகி, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, எக்ஸ்ட்ரா சீஸ் என்று கேட்டார்கள்.

நான் பார்த்தது இதுதான். மழைக்காலம் முடிந்த சமயம். பக்கத்து மேசையில் ஒருவர் மட்டிப் பாஸ்தாமேல் சீஸ் கேட்டார். அண்ணன் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நைனா, மீனு வாசனய சீஸு அட்சிடும். உனக்கு சீஸுதான் வோணும்னா வேற போட்டுத் தரேன்," என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய், தக்காளிப் பாஸ்தா செய்து, அதன்மேல் சீஸைத் துருவிப் போட்டுக் கொண்டுவந்தார். வந்தவர் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுவிட்டு, ஸ்டெல்லா அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனார்.

அன்று மாலை கட்டுரையை அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார். அரைப்பக்கத்துக்கு இரண்டு வரி குறைகிறது, ஏதாவது சுவாரசியமாகச் சேர்த்து அனுப்புங்கள் என்றார். குக்கரில் மூன்றாவது விசில் வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.

"இங்கே மீன்மேல் சீஸ் கேட்டுவிடாதீர்கள். போன வாரம் அப்படிக் கேட்ட ஒருவரைத் தட்டோடு வாசலுக்கு விரட்டிவிட்டார் அந்தோணி. பாவம், பசியோடுதான் போனார் மனிதர்."

எழுதிவிட்டு நானே சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பதினைந்து பாராட்டுச் செய்திகள் வந்தன. பதினைந்தும் அந்த இரண்டு வரிக்குத்தான்.

ஸ்டெல்லா அக்கா கட்டுரையை வெட்டி, லேமினேட் செய்து, கல்லாவுக்கு மேலே மாட்டினார். அடுத்தமுறை போனபோது அண்ணன் அதன் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"எப்போ தங்கச்சி இது? எனுக்கு நெனப்பே இல்லியே."

நான் சிரித்தேன். "உங்களுக்கு எதுதான் நினைவு இருக்கும் அண்ணே? கோவம் வந்தா உங்களுக்குக் கண்ணு தெரியுமா?"

அவரும் சிரித்தார். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். சும்மா சேர்த்தேன் அண்ணே என்று ஒரே வாக்கியம். படித்தவள் எழுதியதில் பொய் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பாராட்டும் இனித்தது.

போன்களோடு வந்தவர்கள்

முதலில் வந்தவர்கள் வேடிக்கையாகத்தான் வந்தார்கள். சீஸ் கேட்டால் விரட்டுவாராமே, பார்ப்போம் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அண்ணன் விளக்கம் சொன்னார். அவர்களுக்கு விளக்கம் வேண்டாம், விரட்டவேண்டும். விரட்டாததால் ஏமாந்துபோய், சாப்பாடு சுமார் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் கூட்டம் கூடியது. மேசைக்கு மேசை போன். மட்டியை உறிஞ்சுகிற பெரியவர், குழந்தைக்கு முள் எடுத்துக் கொடுக்கிற அம்மா, எல்லாரும் யாரோ ஒருவரின் வீடியோவுக்குள் இருந்தார்கள். பூசை முடிந்து நிம்மதியாகச் சாப்பிட வந்த குடும்பங்களுக்கு அது பிடிக்கவில்லை. தவக்காலத்தின் மூன்றாவது வெள்ளியில் பாதி மேசை காலி. கடையைத் தாங்கிய கூட்டம் போய்விட்டது, வேடிக்கை பார்க்கிற கூட்டம் மிஞ்சியது.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை நான் அங்கே இல்லை. வீடியோவில்தான் பார்த்தேன், ஊரே பார்த்தது போல. நாலு பேர், அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர்கள். பையிலிருந்து அவர்களே சீஸ் பாக்கெட்டை எடுத்துக் கடம்பாவின்மேல் கொட்டினார்கள். ஒருவர் போனை அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டி, "விரட்டுங்க சார், விரட்டுங்க," என்றார். அண்ணன் கை வீசியது. போன் போய்ச் சுவரில் மோதிச் சிதறியது. இன்னொரு போன் அதைப் படமெடுத்தது.

அந்த வீடியோ பன்னிரண்டு வினாடிதான். அதில் சீஸ் பாக்கெட் இல்லை. கை வீசுவது மட்டும் இருந்தது. கூடவே, என் கட்டுரையின் படமும் அந்த இரண்டு வரியும். முன்பே இப்படிச் செய்த ஆள்தான் என்று சாட்சி சொல்ல நான் இருந்தேன்.

இப்போதாவது மறுப்பு எழுதியிருக்கலாம். ஆசிரியரிடம் சொன்னால் பக்கம் போய்விடுமோ என்று பயந்தேன். அந்த வாரம் திருவேற்காட்டில் ஒரு போளிக் கடையைப் பற்றி எழுதினேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் கடைக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. நான் மட்டும்தான் வாடிக்கை. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. மட்டி ஸ்பகெட்டி வந்தது. கூடவே ஒரு கிண்ணத்தில் துருவிய சீஸ்.

"இது எதுக்கு அண்ணே?"

"இருக்கட்டும் தங்கச்சி. கேக்குறவங்களுக்குக் குடுக்கறேன்."

வியாபாரத்துக்காக மனிதர் வளைந்துவிட்டார் என்று நினைத்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். ஆடி மாதம் அந்தப் பக்கம் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. பலகையைக் கழற்றிய இடத்தில் நாலு ஆணி ஓட்டை. அதற்குப் பிறகு பூந்தமல்லிக்கு வேறு வழியில் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். பத்திரிகையும் ஒரு வருஷத்தில் நின்றுபோனது.

இன்றைக்கும் எங்கள் அடுக்ககக் குழுவில் யாராவது கேட்பார்கள், இந்தப் பக்கம் நல்ல இத்தாலியன், நல்ல சீ ஃபுட் எங்கே கிடைக்கும் அக்கா என்று. தெரியாது என்று போட்டுவிடுவேன்.

பத்து நிமிஷ இடைவேளை

"பிரேக்கு பத்து நிமிசம் கீது. வா, உக்காரு," என்று அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. ஓரத்து மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். ஸ்டெல்லா அக்கா ஒரு விடுதியில் சமையலுக்குப் போவதாகச் சொன்னார். வீடு இப்போது திருவேற்காட்டில்.

நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லாமலே எழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, சீஸ் கேட்ட ஆளை நீங்க விரட்டினீங்கன்னு எழுதினேன்ல. அது நானா எழுதினது. அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல."

"எது?"

"அந்த ஆளு. பசியோட போனார்னு எழுதினேன்ல. நான் பக்கத்து மேசையிலதான் இருந்தேன். நீங்க அவருக்குத் தக்காளி பாஸ்தா செஞ்சு போட்டீங்க. வயிறாரச் சாப்பிட்டுட்டுத்தான் போனார். ரெண்டு வரி குறையுதுன்னாங்க. நான் சும்மா சேர்த்தேன்."

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"நெசமாவா?"

"சத்தியமா அண்ணே."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அத்த நான் ஃபாதராண்ட சொல்ட்டேனே," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்தப் போனு ஒடஞ்சிது பாரு, அப்பால பெரிய வெள்ளிக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். போன ஒடச்சத சொன்னேன். இத்தயும் சொன்னேன். பசின்னு வந்த ஒருத்தன வெரட்டிட்டேன் ஃபாதர், எனுக்கு நெனப்புகூட இல்ல, பேப்பர்ல போட்டுகீறாங்கன்னு. நெனப்பு இல்லாததுதான் தங்கச்சி எனுக்கு பயமா பூட்ச்சி. ஒருத்தன் வயித்துல அட்சிட்டு மறந்தும் பூட்டேனேன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"போனுக்கு ஜெபம் சொல்லச் சொன்னாரு. வெரட்டினதுக்குத்தான், இனிமே ஒன் கடைக்கு வர்றவன் எத்தக் கேட்டாலும் மூஞ்சி சுளிக்காம குடுன்னாரு. அதான் சீஸு வாங்கினேன்."

வியாபாரத்துக்காக இல்லை. செய்யாத பாவத்துக்குப் பரிகாரமாக, அதுவும் நான் குக்கர் விசிலுக்கு நடுவில் உண்டாக்கிய பாவத்துக்கு, பதினாறு வருஷம் கற்றதை மனிதர் விட்டுக்கொடுத்திருக்கிறார். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

"அப்போ நான் வெரட்டல," என்றார்.

"இல்லண்ணே."

"ஒருத்தரயும்?"

"ஒருத்தரையும்."

கடைக்குள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, இத்த ஸ்டெல்லாவாண்ட வந்து சொல்றியா? நீதான்யா வெரட்டிருப்பன்னு அப்பவே என்னாண்ட சொன்னா அவ. நான் ஊட்ல சத்தம் போட்டா இன்னும் அத்தயேதான் சொல்லிகினு கீறா, பசியோட வந்தவன வெரட்டின ஆளு நீன்னு. நான் சொன்னா நம்ப மாட்டா. எழுதினவ நீ. நீ வந்து சொன்னா நம்புவா."

"வரேன் அண்ணே," என்றேன்.

"ஞாயித்துக்கெயம பூச முட்ஞ்சி ஊட்லதான் இருப்பா," என்று திருவேற்காட்டில் தெருவின் பெயரையும் சொன்னார். என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் அரைமணி நேரம். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு வந்து போய்விட்டது. நடந்தது எல்லாவற்றையும் உங்களுக்கு எழுதி முடித்துவிட்டேன். ஸ்டெல்லா அக்காவிடம் இன்னும் போகவில்லை.